காவல் கல்லுக்குக் காது எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கீழ்த்தளக் கூடம் நிரம்பிவிடும். ஐயா பத்தரைக்குத்தான் வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? முன்வரிசையில் உட்கார்ந்தால் கல்லின் அருள் கொஞ்சம் கூடுதலாக அடிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஆகவே முட்டிவலி, இடுப்புவலி, கண்புரை, காது மந்தம் எல்லாம் எட்டு மணிக்கே எழுந்து, நல்ல உடுப்பு மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்கு முன்னால் முண்டியடித்தன. மருந்து வாங்கிவரக் கீழே இறங்கச் சொன்னால் "இன்னைக்கு முடியலையே" என்கிற அதே கால்கள்தான்.

இத்தனை கூட்டமும் எதற்காக? ஒரு கூழாங்கல்லுக்காக.

உள்ளங்கைக்குள் அடங்கும் கல். வழுவழுவென்று இருக்கும். நடுவில் ஒரு வெள்ளிக் கோடு. ஆற்றங்கரையில் குனிந்தால் கூடை கூடையாகப் பொறுக்கலாம். வெள்ளிக் கோடு பெயின்ட் கடையில் கிடைக்கும். ஆனால் காவல் ஐயா வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும் இதற்குப் பெயர் காவல் கல். இதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் இது உங்களைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் இருமினால் கேட்கும், அழுதால் கேட்கும், வழுக்கி விழுந்தால் அந்த நொடியே காவல் ஐயாவின் மனதுக்குள் மணியடிக்கும். கல்லுக்குக் காது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஐயா ஒரு பதில் வைத்திருப்பார்.

நம்புகிறவர்கள் மூடர்கள் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் பதினோரு கதவுகளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகத்தான் இருந்தார்கள். கட்டிக்கொண்டவர் போய்விட்டார், அல்லது கட்டிக்கொள்ளவே இல்லை. பிள்ளை பிறக்கவில்லை, அல்லது பிறந்தது தங்கவில்லை. கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தாயிற்று. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற தாளில் 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அங்கே வந்ததும் இவர்கள் பேனாவைத் தூக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். சாவுக்கு இவர்கள் பயப்படவில்லை. செத்தது யாருக்கும் தெரியாமல் கிடப்போமோ என்பதுதான் பயம். பயம் எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்து வருவதற்கென்றே உலகத்தில் சில மூக்குகள் இருக்கின்றன.

மூன்றாம் மாடியில் இருந்த டெலிபோன் அக்காவும் அந்தப் பதினொன்றில் ஒருவர்தான். வயது எழுபத்திரண்டு. தொலைபேசி நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊர்க்குரல்களையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துவைத்தவர். முகம் மறந்துபோகும், பெயர் மறந்துபோகும், அடுப்பை அணைத்தோமா என்பதும் மறந்துபோகும். ஒருமுறை கேட்ட குரல் மட்டும் மறக்காது. கல்லின் மேல் அவருக்கு எள்ளளவும் மரியாதை இல்லை என்பதால், முன்வரிசைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த இன்னொரு பெயரை இங்கே எழுத முடியாது.

கல் வருவதற்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. அக்காவும் எதிர்வீட்டு டெய்லர் அம்மாவும் சேர்ந்து கொண்டுவந்தது. நாலாம் மாடியில் ஒரு நூலகர் இறந்து ஒன்பது நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் அந்த ஏற்பாடு ஆரம்பமாயிற்று. தனியாக இருப்பவர்கள் காலை ஏழு மணிக்குள் கதவின் வெளிக்கைப்பிடியில் ஒரு மக்கைத் தொங்கவிட வேண்டும். அவ்வளவுதான். மக் தொங்கினால் ஆள் இருக்கிறார். எட்டு மணிவரை மக் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் கதவைத் தட்ட வேண்டும். பதில் இல்லையென்றால் திறந்து பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவரின் மாற்றுச் சாவியும் இன்னொருவரிடம் இருந்தது. ஓட்டை மக், காது உடைந்த மக், பல் தேய்க்கிற மக் என்று பதினொன்றும் தொங்கும். பார்க்க லட்சணமாக இல்லைதான். ஆனால் நான்கு வருடத்தில் மூன்று பேரைக் காப்பாற்றியது. டெய்லர் அம்மாவுக்கு ஆஸ்துமா. இரண்டு தடவை அக்கா கதவைத் திறந்து ஓடி, மூச்சுமருந்தை அவர் வாயில் வைத்து அழுத்தியிருக்கிறார்.

காவல் ஐயா வந்ததும் முதலில் கைவைத்தது மக்கில்தான்.

"மக்கைத் தொங்கவிடுறது கல்லைச் சந்தேகப்படுறது மாதிரி," என்றார் ஐயா, மைக்கில், தேன் ஒழுக. "சந்தேகம் புகுந்த வீட்டுல கல்லு கண்ணை மூடிக்கும்."

அடுத்த நாள் காலை ஒரே ஒரு மக்தான் தொங்கியது. அது அக்காவுடையது.

ஐயாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, நரைக்காத தலை, எப்போதும் பாதி மூடிய கண்கள். பக்கத்தில் வெள்ளை உடுப்பில் ஓர் இளம்பெண் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மௌனத் தங்கை என்று பெயர். பன்னிரண்டு வருடமாக வாய் திறக்காத விரதமாம். ஐயா கண்ணை மூடி மூன்று முறை மூச்சிழுப்பார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அந்த வாரம் அவர்கள் வீட்டுக்குள் நடந்ததைப் புட்டுப்புட்டு வைப்பார்.

"வாத்தியாரே, செவ்வாய்க்கிழமை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது. நீங்க அதைத் துடைக்கலை. உங்க மனைவி இருந்தா திட்டியிருப்பாங்களேன்னு நினைச்சு உட்காந்துட்டீங்க."

கணக்கு வாத்தியார் நாற்காலியிலேயே சுருண்டு அழுதுவிட்டார். நாற்பது வருடம் பிள்ளைகளிடம் 'நிரூபிச்சுக் காட்டு, அப்பத்தான் மார்க்கு' என்று பிரம்பைத் தட்டியவர். ஓய்வு பெற்றபோது பிரம்போடு நிரூபணத்தையும் பள்ளிக்கூடத்திலேயே ஒப்படைத்துவிட்டார் போலிருக்கிறது.

"வீட்டுக்குள்ள நான் மட்டும்தாங்க இருந்தேன்! ஒரு ஈ காக்கை இல்ல! நான் யாருகிட்டயும் சொல்லலை!" என்று அவர் வரிசை வரிசையாகத் திரும்பிச் சொன்னார். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். யாரிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவே இல்லை.

இரண்டாம் மாடியில் பேண்டு மாஸ்டர் இருந்தார். ட்ரம்பெட் ஊதி ஊர்வலங்களை நடத்திய மனிதர். ஓய்வுக்குப் பிறகும் தினமும் காலையில் கால் மணி நேரம் ஊதுவார். அக்காவின் வீடு அதற்கு நேர் மேலே. ஒரு செவ்வாய்க்கிழமை சத்தம் வரவில்லை. சளி பிடித்திருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டார். புதன்கிழமையும் வரவில்லை. அக்கா இறங்கிப் போய்த் தட்டினார். மக் இல்லை, அதுதான் அக்காவைத் தவிர யாருக்குமே இல்லையே. சாவியையும் மாஸ்டர் ஏற்கெனவே திரும்ப வாங்கிவிட்டிருந்தார். தச்சரைக் கூட்டிவந்து பூட்டை உடைத்தபோது, மனிதர் குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து, உதடு வெடித்து, பேச்சில்லாமல் கிடந்தார். முழுதாக ஒன்றரை நாள். படுக்கையின் தலைமாட்டில் காவல் கல் மெத்தென்ற துணியில் சுகமாகப் படுத்திருந்தது.

உயிர் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செவ்வாயன்றே இறங்கிப் போய்ப் பார்க்காமல் விட்டோமே என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஐயா விளக்கம் சொன்னார். "கல்லு மணியடிச்சுது. நான் கேட்டேன். ஆனா அவர் மனசுல ஒரு மூலையில சந்தேகம் இருந்திருக்கு. அதனால வீட்டு விலாசம் தெளிவா விழலை."

கூட்டம் தலையாட்டியது. விலாசம் தெளிவாக விழாததுதான் காரணம் என்று கணக்கு வாத்தியார் பக்கத்தில் இருந்தவருக்குப் படம் போட்டு விளக்கினார்.

அன்று மாலை டெய்லர் அம்மா அக்காவின் கதவைத் தட்டினார். அக்காவைவிட இரண்டு வயது சின்னவர். கழுத்தில் அளவு நாடா தொங்காத ஒரு நாளை யாரும் பார்த்ததில்லை. தைப்பதை விட்டு ஆறு வருடமாகிறது, நாடாவை விடவில்லை.

"அக்கா, என் சாவியைக் குடுத்துடுங்க."

"ஏன், உன் சாவி தொலைஞ்சுபோச்சா?"

"இல்லக்கா. ரெண்டு வாரத்துல நான் முழு அடைக்கலம் எடுக்கறேன். வெளியில ஒரு சாவியும் இருக்கக் கூடாதாம். அக்கம்பக்கத்துல பேச்சுவார்த்தையும் குறைச்சுக்கணுமாம்."

"உனக்கு மூச்சு முட்டினா?"

"கல்லு ஐயாகிட்ட சொல்லிடும்."

"ஐயா எங்க இருக்காரு?"

"ஊருக்கு வெளியிலக்கா. பஸ்ல ஒன்றரை மணி நேரம்."

"அவர் பஸ் பிடிச்சு வர்ற வரைக்கும் நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காந்திருப்பியா?"

டெய்லர் அம்மா நாடாவின் நுனியைச் சுருட்டினார், பிரித்தார். "கிண்டல் பண்ணாதீங்க. உங்களுக்கு யாரும் வேணாம். எனக்கு அப்படி இல்ல. நான் ராத்திரி என்ன நினைச்சேன்னு அந்தக் கல்லுக்குத் தெரியுதுக்கா. எழுபது வயசு வரைக்கும் வேற யாருக்குத் தெரிஞ்சுது?"

முழு அடைக்கலம் என்பது என்ன என்று அவரிடமே விசாரித்ததில் இன்னொரு சங்கதியும் வெளிவந்தது. அடைக்கலம் எடுத்தவர்களுக்குக் கல்லே பிள்ளை. பெற்றவர் சொத்து பிள்ளைக்குத்தானே? ஆகவே வீட்டைக் கல்லின் பேருக்கு எழுதிவைக்கலாம். கல்லுக்குக் கையெழுத்துப் போட வராது என்பதால் அதன் சார்பில் ஐயா போட்டுக்கொள்வார். பிள்ளைக்கு இந்தச் சின்ன உதவிகூடச் செய்யாவிட்டால் எப்படி?

வீடு போனால் போகட்டும். பூட்டிய கதவுக்குப் பின்னால் மூச்சுக்குத் தவிக்கிற டெய்லர் அம்மாவைத்தான் அக்கா நினைத்துப் பார்த்தார். "நீ அடைக்கலம் எடுக்கிற ஞாயித்துக்கிழமை கூடத்துலேயே சாவியைத் தர்றேன்," என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

அடுத்த ஞாயிறு அக்கா கூடத்துக்குப் போனார். பேண்டு மாஸ்டரைப் பற்றி நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்று முடிவு. எழுந்து நின்றார். வாயைத் திறக்குமுன் ஐயா பாதிக் கண்ணைத் திறந்தார்.

"டெலிபோன் அம்மா. உங்க வீட்டுல கல்லு இல்ல. ஆனா எதிர்வீட்டுக் கல்லு உங்களையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு. சமையலறைக் குழாய் சொட்டுது. கீழ ஒரு கிண்ணம் வைச்சிருக்கீங்க. அந்த டொக் டொக் சத்தம் கேக்கிறப்ப பழைய எக்ஸ்சேஞ்சு ஞாபகம் வருது."

அக்காவுக்கு முதுகு சில்லிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது, முழங்கை வரை புல்லரித்தது. குழாய் சொட்டுவது உண்மை. கிண்ணம் உண்மை. எக்ஸ்சேஞ்சு ஞாபகம் அதைவிட உண்மை. யாரிடமும் சொல்லவில்லையே! கூட்டம் "ஆகா" என்றது. மாஸ்டரைப் பற்றிக் கேட்காமலே அக்கா உட்கார்ந்துவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்து வாசலில் நெரிசல். யாரோ பின்னால் தள்ள, அக்காவின் ஊன்றுகோல் நேராக மௌனத் தங்கையின் கால் விரலில் இறங்கியது.

"ஸ்... பார்த்து வாங்கம்மா!"

பன்னிரண்டு வருட விரதம் ஒரு சுண்டுவிரலுக்குத் தாங்கவில்லை. அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். இரைச்சலில் வேறு யார் காதிலும் விழவில்லை. அக்கா அப்படியே நின்றார். கடைசி 'மா'வைக் கொஞ்சம் மேலே தூக்கி நிறுத்துகிற குரல். இந்தக் குரலோடு போன புதன்கிழமைதான் இருபத்திரண்டு நிமிடம் பேசியிருந்தார்.

தண்ணீர் வடிகட்டிக் கம்பெனி! 'வணக்கம்மா, பத்தே பத்துக் கேள்விம்மா, வீட்டுல குழாய்த் தண்ணி நல்லா வருதாம்மா?' என்று கேட்டவள். நல்லா வருதா என்று கேட்டால், வருகிறது, சொட்டவும் செய்கிறது என்று ஆரம்பித்து, கிண்ணத்துக்குப் போய், சத்தத்துக்குப் போய், அங்கிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போய்... அக்கா வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்து வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, தன்மேலேயே கோபம் வந்தது. அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கியும் வாங்காமல் இருக்கப் பழகியவர், தன் பேச்சு யார் காதில் விழுகிறது என்று பார்க்கவில்லையே!

விஷயம் இவ்வளவுதான். தனியாக இருப்பவரிடம், இந்த வாரம் யாரோடு பேசினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "யாரோடயும் இல்ல" என்பார். பொய் இல்லை. மருந்துக்கடைக்காரர், லிஃப்ட் ரிப்பேர்காரர், கம்பெனியிலிருந்து கூப்பிடுகிற பெண், இவர்களையெல்லாம் யாரும் 'ஆள்' என்று கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் தப்பித்தவறி "அப்புறம்?" என்று கேட்டுவிட்டால் போதும், ஒரு வாரம் தேக்கிவைத்தது மொத்தமும் கொட்டிவிடும். கொட்டியதும் மறந்தும் போகும். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை ஐயா பொறுக்கி எடுத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

டெய்லர் அம்மாவிடம் இதைச் சொன்னால் நம்புவாரா? 'உங்களுக்குப் பொறாமை' என்பார். ஆகவே அக்கா வேறு வழியில் போனார்.

"ஒரு பந்தயம்," என்றார். "உன் கல்லுகிட்ட நீ ஒண்ணு சொல்லு. சத்தியமான உண்மையைச் சொல்லு. அந்தத் தண்ணி வடிகட்டிக்காரி போன் பண்ணுவா இல்ல, அவகிட்ட வேற ஒண்ணு சொல்லு. புளுகு. ஞாயித்துக்கிழமை ஐயா ரெண்டுல எதைச் சொல்றாருன்னு பார்ப்போம். உண்மையைச் சொன்னா நான் என் கையால சாவியைக் குடுத்துட்டு, நானும் ஒரு கல்லு வாங்கிக்கறேன். முன்வரிசையில உட்காந்து தாளம்கூடப் போடறேன்."

"கம்பெனிக்கும் ஐயாவுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்லைன்னா உனக்கு என்ன பயம்?"

டெய்லர் அம்மா யோசித்தார். கல்லிடம் பொய் சொல்லப் போவதில்லை. கம்பெனிக்காரர்களிடம் பொய் சொல்வது பாவக் கணக்கில் வருமா என்பதும் சந்தேகம். தவிர, அக்காவின் வாயை ஒரேயடியாக அடைக்கக் கிடைத்த வாய்ப்பு. ஒப்புக்கொண்டார்.

வடிகட்டிக்காரி டெய்லர் அம்மாவை வெள்ளிக்கிழமை பதினொன்றுக்குக் கூப்பிடுவது வழக்கம். அன்று பத்தரைக்கே இருவரும் கல்லின் முன்னால் உட்கார்ந்தார்கள். டெய்லர் அம்மா குரலைத் தெளிவாக்கிக்கொண்டார்.

"கல்லே, எனக்குக் கல்யாணம் ஆகலை. ஆசையும் படலை. இந்த வாரம் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். ஊசி இடது பெருவிரல்ல ஏறிடுச்சு. இதுதான் நிஜம். ஐயாகிட்ட அப்படியே சொல்லிடு."

கல் ஒன்றும் சொல்லவில்லை. அது கல்தானே.

"இப்ப புளுகைத் தயார் பண்ணு," என்றார் அக்கா.

"ஒரு புருஷன் வைச்சுக்கலாமாக்கா?" டெய்லர் அம்மாவுக்குக் காது சிவந்தது. "யாருக்கும் தெரியாமக் கட்டிக்கிட்டது. மூணே மாசத்துல எங்கேயோ போய்த் தொலைஞ்சுட்டாரு."

"வைச்சுக்கோ. ஆள் எப்படி?"

"பெரிய மீசை. இடது கையில ஆறு விரல். நீலக்கோடு போட்ட சட்டை. அதுல அஞ்சாவது பட்டன் இல்ல."

"டெய்லர் புருஷனுக்குப் பட்டன் இல்லையா?"

"நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் பட்டன் வைச்சாச்சுக்கா. எனக்குன்னு இருக்கிற ஒருத்தனாவது இல்லாம இருக்கட்டுமே."

பதினொன்றுக்குப் போன் வந்தது. அக்கா காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். சந்தேகமே இல்லை, அதே 'மா'. குழாயிலிருந்து புருஷனுக்கு எப்படி வந்தார்கள் என்பது தெரியாது, ஆனால் ஐந்தாவது நிமிடம் வந்துவிட்டார்கள். மீசை, ஆறு விரல், கோடு, பட்டன் எல்லாம் வரிசையாக இறங்கின. "அடடா... அப்புறம்மா?" என்றது போன். டெய்லர் அம்மா ஊரைவிட்டு ஓடிப்போன அந்த மனிதருக்காக நிஜமாகவே அழுதார்.

போனை வைத்த பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "புளுகுதான்க்கா. ஆனா இத்தனை நேரம் யாரும் என்னை 'அப்புறம்'னு கேட்டதில்ல."

அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. பத்து வருடமாக எதிர்வீடு. மாத்திரை போட்டாயா, கதவைப் பூட்டினாயா என்று தினமும் கேட்டிருக்கிறார். அப்புறம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த பேண்டு மாஸ்டர்கூட, பிடித்துக்கொண்டு நடக்கிற நாலுகால் சட்டத்தோடு பின்கதவு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பத்திரம், பேனா, மை தடவிய அட்டை. நடுவில் கல். ஐயா டெய்லர் அம்மாவை முன்னால் அழைத்து, மூன்று முறை மூச்சிழுத்தார். மூன்றாவது மூச்சு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. சரக்கு அப்படி.

"மகளே! நாப்பது வருஷமா ஊருக்கு மறைச்ச ஒண்ணை நீ கல்லுக்கு மறைக்க முடியலை. உனக்கு ஒருத்தர் இருந்தார்."

டெய்லர் அம்மாவின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்ததை அக்கா பார்த்தார். பந்தயத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தார், துளி சந்தோஷம் இல்லை. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"பெரிய மீசை," என்றார் ஐயா. "இடது கையில ஆறு விரல். இப்ப இங்கதான் நிக்கறார். அழறார்."

டெய்லர் அம்மா மெதுவாகக் கேட்டார். "சட்டை, ஐயா?"

"நீலக்கோடு போட்டது."

"பட்டன் எல்லாம் சரியா இருக்கா?"

ஐயா கண்ணை இன்னும் இறுக்கினார். "அஞ்சாவது பட்டன் இல்ல, மகளே. உன் கையால தைச்சுத் தரணும்னு காத்திருக்கார்."

"காத்திருக்கட்டும்!" டெய்லர் அம்மாவின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போயிற்று. "அந்தப் பட்டனை வைக்காம விட்டதே நான்தான்! அந்த ஆளை வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு நான்தான் வெட்டித் தைச்சேன்! எனக்குப் புருஷனும் இல்ல, அவனுக்கு மீசையும் இல்ல! கல்லுகிட்ட நான் சொன்னது இது!" என்று கட்டுப் போட்ட பெருவிரலை ஐயாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "கல்லுகிட்ட சொன்னது உனக்குத் தெரியலை. போன்ல சொன்னது பட்டன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு. ஏன்யா, நான் ராத்திரி அழுததையும் அந்த போன் பொண்ணுதான் சொன்னாளா?"

ஐயா இரண்டு கண்களையும் முழுதாகத் திறந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"பரிசோதனை பண்ணினா கல்லு..." என்று ஆரம்பித்தார்.

அக்கா எழுந்தார். "தண்ணி வடிகட்டிக் கம்பெனியில இருந்து யார் யாருக்குப் போன் வருது? கையைத் தூக்குங்க."

ஒன்று, இரண்டு என்று பத்துக் கை எழுந்தது. தூக்கியவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாத்தியாரே, அந்த நம்பர் உங்க போன்ல இருக்குமே. இப்ப கூப்பிடுங்க."

கணக்கு வாத்தியார் கண்ணாடியை ஏற்றி, விரலால் தேடி, அழுத்தினார். மௌனத் தங்கையின் துணிப்பைக்குள் ஒரு சினிமாப் பாட்டு உற்சாகமாகக் கிளம்பியது. அவள் பையை மார்போடு அமுக்கினாள். பாட்டு நிற்கவில்லை. வாத்தியார் போனைக் காதிலிருந்து எடுத்து, அதையும் பையையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில் ஒரு நிரூபணம் அவருக்கும் புரிந்தது.

"பாலு பொங்கினதை உன்கிட்டயாம்மா சொன்னேன்?" என்றார், பச்சைப்பிள்ளை மாதிரி.

மௌனத் தங்கை அழுதுகொண்டே வாயைத் திறந்தாள். "நான் கேக்கவே இல்லைங்க சார். காவல் ஐயாதான் பத்துக் கேள்வி எழுதிக் குடுத்தாரு. உங்க யாருகிட்டயும் நான் மூணாவது கேள்வியைத் தாண்டினதே இல்ல. நீங்களா சொல்லிக்கிட்டே இருப்பீங்க. போனை வைக்கவே விடமாட்டீங்க."

இந்தச் சந்தடியில் காவல் ஐயா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பின்கதவுப் பக்கம் நழுவினார். அங்கே பேண்டு மாஸ்டர் நாலுகால் சட்டத்தைக் கதவுக்குக் குறுக்கே போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"போலாம், போலாம்," என்றார் மாஸ்டர். "ஒன்றரை நாள் தரையில கிடந்தேன். நீங்க ஒரு அரை மணி நேரம் நின்னுட்டுப் போங்க."

அக்கா போன் போட்டதும் போலீஸ் இருபது நிமிடத்தில் வந்தது. விலாசம் தெளிவாக விழுந்திருந்தது.

நாற்காலிகளை மடக்கும்போது ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் அக்காவின் அருகில் வந்து, "எதுக்கும் கல்லு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமா? தூக்கிப் போட்டா ஏதாவது ஆயிடுமோ?" என்று ரகசியமாகக் கேட்டார். கதவு சாத்தாமல் நிற்க முட்டுக்கொடுக்க உதவும் என்று அக்கா அவருக்கு அனுமதி கொடுத்தார். டெய்லர் அம்மா சாவியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அக்காவும் அதைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

வாத்தியார் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்.

"எல்லாம் சரி," என்றார். "ஏமாத்துக்காரன்தான், ஒத்துக்கறேன். ஆனா வாரத்துக்கு ஒரு தடவை என்னை விசாரிக்க ஒரு குரல் இருந்துச்சு. இனிமே யாரு இருக்கா?"

பத்துப் பேர் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது. அக்காவுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. திட்டுவதையே தேர்ந்தெடுத்தார்.

"யோவ் வாத்தியாரே! உலகத்தையே பார்க்கிற ஞானக்கண்ணுன்னு சொன்னானே, அவனே உங்க வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ஆள் வைச்சுப் போன் போட்டுத்தான் கேட்டான். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாம, அவன் அளவுக்குக்கூட யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. அதான்யா இத்தனை நாள் கல்லு பேசிச்சு!"